இடப்பக்கம் முறுக்கிய கம்பி

அத்தியாயம் 4

மூன்றாவது வளைவில் ஸ்கூட்டர் எங்களைக் கைவிட்டது. நான் இறங்கினேன். சர்வேயரம்மா இறங்கவில்லை.

"தள்ளு," என்றார்.

"நீங்களும் இறங்கினா சுலபமா இருக்கும்."

"நான் ஐம்பத்திரண்டு கிலோ. நீ தொண்ணூத்தி நாலு. வண்டி யாரால நின்னுச்சுன்னு கணக்குத் தெளிவா இருக்கு."

"எண்பத்தொன்பதும்மா."

"தொண்ணூத்தி நாலு. போன வாரம் ரயில் நிலையத்துல எடை பார்த்தே. நான் உன் பின்னாடிதான் நின்னேன்."

சர்வேயரம்மாவுக்குப் பொய் ஆகாது. பாதி ஆயுளை ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், விபத்தில் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்துச் சேதம் எழுதும் சர்வேயராகக் கழித்தவர். வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை. ஒரு சாவு வீட்டில், போனவர் தங்கமான மனுஷர் என்று யாரோ சொல்ல, "எல்லா நேரமும் இல்ல" என்று திருத்திவிட்டு வந்தவர். அவருடைய உதவியாளன் நான். ஊரில் எனக்குத் தொணதொண என்று பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை.

தள்ளினேன். அந்தச் சாலை அடிவாரத்தில் ஆரம்பித்து உச்சி வரை ஒரே ஏற்றம். மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு முழம் சமதரை கிடையாது. என் முழங்கால் இதற்குச் சாட்சி.

ஐந்தாவது வளைவில் சாலை கறுத்திருந்தது. ஓரச்சுவரில் வண்டியகல ஓட்டை. அதற்கு அப்பால் கீழே மரங்கள் மட்டும் தெரிந்தன. ஒரு இளம்பெண் உச்சியிலுள்ள மருத்துவமனைக்குக் குடிதண்ணீர் கேன்களை ஏற்றிக்கொண்டு தன் வேனில் இந்த வழியாகப் போனாள். இங்கே இன்ஜின் தீப்பிடித்து நின்றது. இன்ஜின் நின்றால் பிரேக் மிதி கல்லாகிவிடும். வண்டி பின்னோக்கி உருண்டு அந்த ஓட்டை வழியாகப் போய்விட்டது. வண்டி நிறையத் தண்ணீர் இருந்தும் அவளுக்கு ஒரு சொட்டும் உதவவில்லை.

அவளுடைய கணவன் டீசல் மெக்கானிக். இருவருக்கும் மனஸ்தாபம் ஏற்பட்டு, அவள் சில மாதங்களாக அப்பா வீட்டில் இருந்தாள். வேனின் இன்ஜினில் அவன் கையால் மாட்டிய ஒரு பெட்டி இருந்தது. போலீசுக்கு அது போதும். நாளைக் காலை அவனைக் கொலை வழக்கில் நீதிமன்றத்தில் நிறுத்தப்போகிறார்கள்.

எங்களை அமர்த்தியது அவளுடைய அப்பா. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மருமகன் தப்பிக்க முடியாதபடி ஓர் ஆதாரம்.

சர்வேயரம்மா கறுத்த இடத்தில் குனிந்து, விரலால் தொட்டு முகர்ந்தார்.

"இன்ஜின் ஆயில். இன்ஜினுக்குக் காத்தை அழுத்தி ஊட்டற டர்போ உடைஞ்சு, அதுக்குப் போற ஆயில் பழுக்கக் காஞ்ச குழாய் மேல கொட்டியிருக்கு. அதான் தீ. ஆனா டர்போ சும்மா உடையாது. எது அதை அவ்வளவு சூடாக்கிச்சு?"

"அதைத்தான் போலீஸ் சொல்லிட்டாங்களே. புருஷன்."

"புருஷன் பேரு எரிபொருளா?"

நான் ஸ்கூட்டரைத் திருப்பினேன். இறக்கத்தில் அது ராஜா மாதிரி ஓடியது.

*

எரிந்த வேனை அடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் போட்டிருந்தார்கள். காவலாளி சர்வேயரம்மாவின் பழைய பழக்கம். கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

அவளுடைய அப்பா எங்களுக்கு முன்பே வந்திருந்தார். அவரை ரேஸ்காரர் என்பார்கள். பந்தயக் கார் ஓட்டியவர் அல்ல, அவற்றின் இன்ஜின்களைக் கட்டிக்கொடுத்தவர். ஒல்லியான நெட்டை மனிதர். பல வருஷங்களுக்கு முன் பந்தய மைதானத்தில் வலது மணிக்கட்டு முறிந்து, அது மடங்காமலே போய்விட்டது. வணக்கம் சொல்லும்போதுகூட ஒரு கைதான் சரியாக எழுந்தது.

அவர் வேனின் பின்பக்கத்திலேயே நின்றார். முன்பக்கம் வரவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடம் அங்கேதான் இருந்தது.

குனிந்து புகைக்குழாய்க்குள் இடது ஆட்காட்டி விரலை விட்டு எடுத்தார். விரல் மை தொட்டது போல வந்தது.

"பார்த்தீங்களா. கறுப்பு," என்றார். "எண்ணெய், அதான் டீசல், தாராளமா இறங்கியிருக்கு. இப்படிக் கறுப்பா இருந்தா உள்ள குளிர்ச்சின்னு அர்த்தம். வெளுத்துப் போயிருந்தாதான் சூடு. நான் பார்க்காத இன்ஜினா? இது தானா சூடாகிச் செத்த இன்ஜின் இல்ல. அவன் வேற ஏதோ பண்ணியிருக்கான்."

"உங்க மக சூடாகுதுன்னு எப்பவாவது சொன்னாங்களா?" என்றார் சர்வேயரம்மா.

"சொல்லிக்கிட்டேதான் இருந்தா. வண்டிக்குள்ள ஒரு முள் இருக்கு, வெளிய போற புகையோட சூட்டைக் காட்டும். அவன்தான் மாட்டிக் குடுத்தான். லோடு ஏத்திட்டு மலை ஏறினா முள் சிவப்புக்கிட்ட வருதும்பா. சிவப்பைத் தொட்டா உடனே காலை எடுத்துடு, கியரைக் குறைன்னு அவன் சொல்லி வச்சிருக்கான். காலை எடுக்கச் சொல்றவன் ஒரு மெக்கானிக்கா?"

"நீங்க வண்டியைத் தொட்டீங்களா?"

"தொடாம இருப்பேனா? அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் உக்காந்து சூட்டைக் குறைச்சுதான் அனுப்பினேன்."

ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றியதைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சர்வேயரம்மாவும் மேற்கொண்டு கேட்கவில்லை.

"கடைசியா எப்ப பேசினாங்க?"

அவர் விரலிலிருந்த கரியை வேட்டியில் துடைத்தார். துடைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"மூணாவது வளைவுக்குக் கீழேருந்து கூப்பிட்டா. அப்பா, முள் சிவப்புக்கு வருது, அவர் காலை எடுக்கச் சொல்வாரே, எடுக்கட்டுமான்னா. எடுக்காத பாப்பா, நல்லா மிதி, கொஞ்ச நேரத்துல தானா இறங்கும்னு தைரியம் சொன்னேன். சரிப்பான்னு வச்சிட்டா."

அதற்கு மேல் நிற்க முடியாமல் வெளியே போய் வாசல் கல்லில் உட்கார்ந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. எனக்கு வாயில் வந்த ஒரு கிண்டலும் அந்த முதுகைப் பார்த்ததும் உள்ளேயே போய்விட்டது.

சர்வேயரம்மா புடவையைச் செருகிக்கொண்டு முன்பக்கம் நுழைந்தார். சற்று நேரத்தில் குரல் வந்தது.

"டார்ச்."

கொடுத்தேன். இன்ஜினுக்குப் பின்னால், தீ முழுதாக எட்டாத மூலையில், சோப்பு டப்பா அளவில் ஓர் உலோகப் பெட்டி. அதில் ஒரு திருகு. திருகைச் சுற்றி ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள்.

"இதான் அந்தப் பெட்டி. இன்ஜினுக்குள்ள எவ்வளவு டீசல் பீச்சணும்னு இது சொல்லும். நம்பர் கூடக் கூட டீசல் கூடும். இப்ப எதுல நிக்குது?"

"எட்டு."

"மூணுல பாரு."

மூன்றாம் எண்ணுக்கு நேரே, பெட்டி மேல், உலர்ந்த மஞ்சள் பெயிண்ட் பாதிச் சொட்டு. மீதிப் பாதி திருகோடு எட்டுக்கு நகர்ந்திருந்தது. ஓரம் உடைந்திருந்தது.

"யாரோ மூணுல வச்சுப் பெயிண்ட் சொட்டு வச்சிருக்காங்க, யாரும் தொட்டா தெரியணும்னு. யாரோ தொட்டிருக்காங்க," என்றேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

"இந்தக் கம்பியை விட்டுட்டியே."

திருகின் தலையிலிருந்து பக்கத்து ஆணிக்கு ஒரு மெல்லிய கம்பி கட்டியிருந்தது. வெறும் கட்டு அல்ல. இரண்டு இழையை நெருக்கமாக, சீராகப் பின்னல் மாதிரி முறுக்கி, முனை யார் கையிலும் குத்தாதபடி உள்பக்கம் மடித்துவிட்டிருந்தார்கள். கொலைகாரன் இவ்வளவு கரிசனமாக வேலை செய்வானா என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

சர்வேயரம்மா தன் பையிலிருந்து ஒரு துண்டுக் கம்பியையும் குறடையும் என்னிடம் நீட்டினார். "முறுக்கு."

முறுக்கினேன்.

"உன்னுது வலப்பக்கமா ஏறுது. இது இடப்பக்கமா ஏறுது," என்றார். அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, வேறொன்றும் சொல்லாமல் வெளியே வந்தார்.

*

காவல் நிலையத்தில் மருமகனைப் பார்க்க அனுமதி வாங்குவதற்குள் எனக்கு வாய் வலித்துவிட்டது. எனக்கே வாய் வலித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெஞ்ச், ஒரு மண்பானை, கம்பிக் கதவு. அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வலது கையில் முழங்கை வரை கட்டு. நாங்கள் யார் அனுப்பி வந்திருக்கிறோம் என்று சொன்னதும், அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"மாமா சாப்பிடறாரா?"

"உங்களைத் தூக்குல போடணும்ங்கறார்," என்றேன்.

"அது இருக்கட்டும். சாப்பிடறாரா?"

சர்வேயரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் அடங்கினேன்.

"பெட்டியை மாட்டினது நீங்கதானே?"

"ஆமா."

"எதுல வச்சீங்க?"

அவன் கைக்கட்டின் முனையை உள்ளே செருகிக்கொண்டான்.

"மூணுல வச்சு மஞ்சள் பெயிண்ட் வச்சது நீங்கதான்னா அதைச் சொல்லலாமே. உங்களுக்கு நல்லதுதானே?"

அவன் தரையைப் பார்த்தான். போலீஸ் கேட்டபோதும் இப்படித்தான் இருந்தானாம். குற்றம் செய்தவன்தான் இப்படி வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வான் என்று ஸ்டேஷனே முடிவுகட்டிவிட்டது.

சர்வேயரம்மா போனில் இருந்த படத்தைக் காட்டினார். கம்பியைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அம்மா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். இதைப் பார்க்காத மாதிரி விட்டுடுங்க."

பானையில் தண்ணீர் மொண்டு குடித்தான். டம்ளரை இடது கையில் பிடித்திருந்தான்.

வெளியே வந்ததும் நான் துள்ளினேன். "மாட்டினான். இடது கை. இடப்பக்க முறுக்கு. படத்தைப் பார்த்ததும் மூஞ்சி போன போக்கைப் பார்த்தீங்களா? கேஸ் முடிஞ்சுது. வாங்க, ரேஸ்காரருக்குச் சொல்லிடலாம்."

"கட்டுப் போட்ட கையால யாராவது தண்ணி குடிப்பாங்களா?" என்றார் சர்வேயரம்மா.

நான் ஸ்கூட்டரை உதைத்தேன்.

*

மருமகனின் பட்டறையை இப்போது அவனுடைய அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கையில் ஸ்பேனர் வேறு. நான் சர்வேயரம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"அந்தக் கிழவர் அனுப்பின ஆளுங்களா? போய்ச் சொல்லுங்க, என் தம்பி அந்தப் பொண்ணைக் கண்ணுல வச்சுப் பார்த்தான்னு. சண்டை போட்டா உடனே கொலையா? அப்படிப் பார்த்தா என் வீட்டுக்காரர் எப்பவோ போயிருக்கணும்."

"தம்பிக்கு இடது கைப் பழக்கமா?"

"இல்லையே. கட்டைப் பார்த்துக் கேக்கறீங்களா? விஷயம் கேள்விப்பட்டு ஓடினவன், எரியற வண்டிக் கதவைப் பிடிச்சு இழுத்திருக்கான். உள்ளங்கைத் தோல் அந்தக் கதவோட போச்சு." அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "அதையும் போலீஸ், தடயத்தை அழிக்கப் போனான்னு எழுதிக்கிட்டாங்க."



"தம்பி திருகை வச்சுட்டுக் கம்பி முறுக்குவாரா?"

"கம்பியா? அவன் ஒரு சொட்டுப் பெயிண்ட்தான் வைப்பான். மூணுக்கு மேல எந்த வண்டிக்கும் வைக்கவும் மாட்டான். ஏன்னு காட்டறேன், வாங்க."

கொட்டகையில் ஒரு வேன் நின்றது. அதிலும் அதே மாதிரி பெட்டி, அதே மாதிரி முள். அக்கா இன்ஜினை உறும விட்டு, ஒருவனை மிதியை அழுத்தி வைக்கச் சொன்னாள். முள் பச்சையில் நின்றது. திருகை மூன்றிலிருந்து மேலே திருப்பினாள். குழாயிலிருந்து கறுப்புப் புகை கிளம்பியது. முள் பச்சையை விட்டு ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. சிவப்பைத் தொடும் முன் அவள் சட்டென்று நிறுத்தினாள்.

"சும்மா நிக்கிற வண்டிக்கே இப்படி. தண்ணி லோடோட மலை ஏறினா என்ன ஆகும்? கறுப்புப் புகைன்னா இன்ஜின் வெந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். காலை எடுத்தா எண்ணெய் குறையும், சூடு இறங்கும். அவ்வளவுதான்."

"ஆனா கறுப்புன்னா குளிர்ச்சின்னு ரேஸ்காரர் சொன்னாரே?" என்றேன்.

"அவர் பெட்ரோல்காரர்," என்றாள் அக்கா. "அவங்களுக்கு இது தலைகீழ்."

நான் சர்வேயரம்மாவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

ஸ்கூட்டரில் ஏறிய பிறகு, "எங்கம்மா போகணும்?" என்று கேட்டேன்.

"ரேஸ்காரர் வீட்டுக்கு. மெதுவாப் போ," என்றார். அவர் மெதுவாகப் போகச் சொன்னது அன்றுதான்.

*

ரேஸ்காரரின் வீடு முழுக்கச் சுத்தமாக இருந்தது. கருவிகள் வரிசையாக மாட்டியிருந்தன. மேஜையில் ஒரு தட்டு மூடி வைத்திருந்தது. காலையில் பக்கத்து வீட்டார் கொடுத்துவிட்டுப் போனதாம். மூடி திறக்கப்படவே இல்லை.

சுவரில் மகளின் படம். வேனின் கதவில் சாய்ந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சர்வேயரம்மா அதற்கு அருகில் போய் நின்றார். நானும் போனேன். படம் கயிற்றில் தொங்கவில்லை. கம்பியில் தொங்கியது. இரண்டு இழை, நெருக்கமான பின்னல், முனை உள்பக்கமாக மடித்தது. இடப்பக்கமாக ஏறிய முறுக்கு.



"இதை மாட்டினது யாரு?" என்றார் சர்வேயரம்மா. குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"நான்தான். கயிறுன்னா நாளாக நாளாகத் தளரும். நாங்க பந்தய வண்டில ஒரு போல்ட்டைக்கூடக் கம்பி முறுக்காம விட மாட்டோம். அதிர்வுல கழண்டுச்சுன்னா ஓட்டறவன் உயிர் போயிடும் பாருங்க."

"இதே மாதிரி ஒண்ணு பாப்பாவோட வண்டியில பார்த்தேன்."

"ஆமா, பெட்டில. நான்தான் கட்டினேன்."

சர்வசாதாரணமாகச் சொன்னார். ஒளிக்கவில்லை, தயங்கவில்லை. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்கவே தேவையில்லை. விஷம் வைத்தவனைத் தேடும்போது, தான் கொடுத்த மருந்தைப் பற்றி யார் பேசுவார்கள்?

"அவன் எண்ணெயை ரொம்பக் குறைச்சு வச்சிருந்தான். அதான் சூடு. நான் கூட்டி வச்சு, திருகு இறங்கிடாம இருக்கக் கம்பி போட்டேன். எங்க டர்போ வண்டிகளை இப்படித்தான் காப்பாத்துவோம். சூடேறினா எண்ணெயைக் கூட்டு. அது ஆயுசுக்கும் என்னைக் கைவிட்டதில்லை." அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். "ஏன் ரெண்டு பேரும் இப்படி நிக்கறீங்க?"

சர்வேயரம்மா நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்து பேசுகிறவர் அல்ல அவர்.

"ஐயா, அது டீசல் இன்ஜின்."

"தெரியுமே. அதுவும் டர்போதானே. அதுவும் உள்ளேயே நேரா பீச்சற இன்ஜின்தானே. ரெண்டுக்கும்..."

நின்றுவிட்டார். அந்த மனிதர் தொழிலில் சூரர். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் மண்டைக்குள் ஓர் இன்ஜின் சுழன்றதை நாங்கள் வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இடது கை மேஜை மேல் மெல்லத் திறந்து மூடியது.

"பெட்ரோல்ல காத்தை அளந்து விடுவோம்," என்றார், தனக்குத்தானே சொல்வது போல. "காத்துக்கு மேல எண்ணெய் போனா, எரியறதுக்குக் காத்து இருக்காது. சும்மா ஆவியாகும். ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கும். அதான் குளிரும்."

"ஆமா."

"டீசல்ல காத்தை அளக்கறதே இல்ல. எப்பவும் மிச்சம் இருக்கும்." மூச்சை இழுத்தார். "மிச்சக் காத்து இருந்தா, கூட விடற எண்ணெய் அத்தனையும் எரியும். எரிஞ்சு எரிஞ்சு... காத்து தீரும்போதுதான் கறுப்புப் புகை வரும். அதுக்குள்ள டர்போ..."

முடிக்கவில்லை. ஆட்காட்டி விரலைத் திருப்பிப் பார்த்தார். காலையில் துடைத்த கரி நகக்கணுவில் இன்னும் இருந்தது.

"அவன் காலை எடுக்கச் சொன்னது சரி," என்றார்.

சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார்.

"நான் மிதிக்கச் சொன்னேன்."

அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குத் தாங்கும்படி இருந்திருக்கும். எழுந்து போய், கொடியிலிருந்த சட்டையை எடுத்து, மடங்காத கையை முதலில் நுழைத்து, பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார்.

"ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? அந்தப் பையனை நாளைக்குக் கோர்ட்ல நிறுத்திடுவாங்க."

*

இன்ஸ்பெக்டர் முதலில் நம்பவில்லை. மகளைப் பறிகொடுத்தவர் புத்தி பேதலித்துப் பேசுகிறார் என்று நினைத்தார். ரேஸ்காரர் ஒரு துண்டுக் கம்பி கேட்டு வாங்கி, அவர் மேஜை மேலேயே இடது கையால் முறுக்கிக் காட்டினார். சர்வேயரம்மா போன் படத்தை அதன் பக்கத்தில் வைத்தார். அதற்குப் பிறகு இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். நாளைக்கு நீதிமன்றத்தில் சொல்லப்போவது வேறு என்றும், பெரியவர் மேல் என்ன வழக்கு வரும் என்று இப்போதே சொல்ல முடியாது என்றும் சொன்னார். குரல் இறங்கியிருந்தது.

மருமகனைக் கூட்டிவந்தார்கள். மாமனாரையும் மேஜை மேல் கிடந்த கம்பியையும் பார்த்தான். நேரே சர்வேயரம்மாவிடம் வந்தான்.

"ஏம்மா சொன்னீங்க? பார்க்காத மாதிரி விடுங்கன்னு கும்பிட்டுக் கேட்டேனே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனை நாளும் வாயைத் திறக்காமல் இருந்தது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அல்ல.

"தெரிஞ்சுமா தூக்குமேடை வரைக்கும் போகப் பார்த்தே?" என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவர் முறுக்கு எனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு அவர் குடுத்த கட்டில் கால்லகூட அந்தக் கம்பிதான். அன்னிக்குத் தீயை அணைச்சதுமே பெட்டியில பார்த்துட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பொண்ணு போனதே அவருக்குப் பெரிய பாரம். இதையும் தூக்கிட்டு அவர் எப்படி இருப்பார்? என் மேல கோவமா இருந்தார்னா, அந்தக் கோவத்துலயாவது எழுந்து நடமாடுவார்னு நினைச்சேன்."

ரேஸ்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மருமகன் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். இவனுக்கு வலது கை உதவாது, அவருக்கும் அப்படியே. இருவரும் இடது கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

"முள் தானா இறங்கும்னு சொன்னேன்பா," என்றார் ரேஸ்காரர்.

"விடுங்க மாமா."

"அவ நான் சொன்னா அப்படியே நம்புவா. அதையே பார்த்துக்கிட்டு ஓட்டியிருப்பா இல்ல? இப்ப இறங்கும், இப்ப இறங்கும்னு."

மருமகன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இறங்கியிருக்கும் மாமா. வழியில கொஞ்சம் சமதரை வரும். அங்க லோடு குறையும், சூடு தானா இறங்கும். அப்பா சொன்னது சரியாத்தான் இருக்குன்னு நினைச்சிருப்பா. அதுக்கப்புறம் நடந்தது எல்லாம் ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்."

ரேஸ்காரர் நிமிர்ந்தார். மருமகனைப் பார்க்கவில்லை. சர்வேயரம்மாவைப் பார்த்தார். இந்த உலகத்தில் தன்னிடம் பொய் சொல்லாத ஒரே ஆள் அவர்தான் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

"நீங்க காலையில போய்ப் பார்த்தீங்களே. அப்படி இடம் இருக்கா?"

சாவு வீட்டில் செத்தவரையே திருத்திவிட்டு வந்த மனுஷி. என் எடையில் ஐந்து கிலோவைக்கூட விட்டுக்கொடுக்காதவர்.

சர்வேயரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"இருக்கு," என்றார். "நாலாவது வளைவு தாண்டினதும். ஒரு நூறடி இருக்கும். நல்ல சமதரை."

ரேஸ்காரர் தலையை ஆட்டினார். பிறகு அந்த இடது கையால் கண்ணை மூடிக்கொண்டு, முதல் தடவையாக அழுதார்.

அந்த நூறடியும் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு ஏறியவன் நான். நான் ஒன்றும் சொல்லவில்லை.